தண்ணி தாண்டி விட்ட பூனை

கூண்டுக்குள் இருந்த பூனை பூவலிங்கத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. விடட்டும், அதுக்கென்ன. இரைக்கு வைத்த சாளைக் கருவாட்டை முள்ளோடு முழுங்கிவிட்டு நிழலில் சொகுசாகக் கிடக்கிறது, மண்டை காய்வது இவருக்குத்தான். பூவரச மரத்தடியில் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடக்கினால் முழங்கால் வலித்தது, நீட்டினாலும் வலித்தது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டால் கல்லூரியில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள், விலங்கியல் பேராசிரியர் பூவலிங்கம் அவர்களின் சேவையைப் பாராட்டி என்று யாராவது வாசிப்பார்கள், சுண்டெலி சார் என்று பின்னால் ஒருத்தன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும். அதுக்குள் இந்தப் பூனையைக் கொல்ல வேண்டும். அதுக்குள் என்ன அதுக்குள், இன்றைக்கே, மத்தியானம் வள்ளக்காரர் தொம்மை திரும்பி வருவதற்குள். கொல்ல வேண்டும், கொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் ஏதோ பாடப்புத்தகத்துச் சொல் மாதிரி கிடந்தது. சாக்கு பக்கத்தில் இருந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை, கரை முழுக்கப் பவளக்கல். கடலும் இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது. எல்லாம் தயாராக இருக்க, கை மட்டும் யாருடைய கையோ மாதிரி மடியில் கிடந்தது. கொஞ்சம் வெயில் தாழட்டும் என்று நினைத்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

எருக்கந்தீவு என்று பேர் வைத்தவன் கஷ்டப்படாமல் வைத்திருக்கிறான். எருக்கு, எருக்கை விட்டால் தாழை, தாழையை விட்டால் நாலைந்து பூவரசு. குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது, அதனால் மனுஷன் தங்கினதில்லை. என்றைக்கோ கடல் ஏறி வந்து கரையிலிருந்து இந்தத் துண்டை அறுத்துவிட்டபோது கொஞ்சம் சுண்டெலிகள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன, அவ்வளவுதான் கதை. பாம்பு வரவில்லை, கீரி வரவில்லை, ஆந்தைக்கு இங்கே பொந்து இல்லை. துரத்த ஆளில்லாத ஊரில் ஓடத் தெரிந்து என்ன புண்ணியம். தலைமுறை தலைமுறையாக ஓட்டம் குறைந்து உடம்பு பெருத்து, இன்றைக்குக் கரையில் இருக்கிற பங்காளியைப் பக்கத்தில் வைத்தால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருக்கும். தீவில் சின்னது பெருக்கும், பெரியது சிறுக்கும், எழுதிக்கோங்க என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார், எழுதியிருக்கிறார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருக்கிறார்கள். கரைச் சுண்டெலி ஏன் சின்னதாக இருக்கிறது, ஒளிய வேண்டும், சுவர் விரிசலில் நுழைய வேண்டும், எலி வளையானாலும் தனி வளை என்கிறோமே, அந்த வளைக்குள் வாலையும் சேர்த்து இழுத்துக்கொள்ள வேண்டும். இங்கே எதுக்கு ஒளிய வேண்டும். பெருத்த உடம்பு கோடைப் பட்டினியைத் தாங்கும். கரையில் ஒரு ஈத்துக்கு ஏழெட்டு போடும், பாதிக்கு மேல் எவன் வாயிலோ போகும். இங்கே ரெண்டோ மூணோ, பொத்திப் பொத்தி வளர்க்கும். தகரப் பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துப் பிடித்து, துணிப்பையில் போட்டு நிறுப்பார். கரைச் சுண்டெலி பையைக் கடித்துக் குதறும், இது பைக்குள் சுருண்டு தூங்கிவிடும். எடுத்து வெளியே விட்டால் உள்ளங்கையில் உட்கார்ந்து முகம் கழுவும். முதல்முதலாக அப்படி ஒன்று கையில் உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது, வாலிப வயசு, அப்போதெல்லாம் லேசில் கலங்கும். தன்னைப் பார்த்துப் பயப்படாத உயிர் உலகத்தில் இருக்கிறது என்று தோன்றியது. வேறு யாரும் அவரைப் பார்த்துப் பயந்ததும் இல்லை, அது வேறு விஷயம்.

பயப்படாத அந்தக் குணம்தான் இப்போது அதுகளின் குரல்வளையைப் பிடிக்கிறது. சித்திரையில் ஒரு சனிக்கிழமை பொறி வைத்துக்கொண்டிருந்தபோது எருக்கம்புதருக்கடியில் ஒரு சுண்டெலி ஏதோ விதையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிப் பூனை. பூனையா, இங்கேயா, வெயிலில் கண்ணைக் கட்டுகிறதோ என்று நினைத்தார். பூனை வயிறு மணலில் தேய ஊர்ந்து வந்தது. பதுங்க வேண்டிய அவசியமே இல்லை, அதுக்கு அது தெரியாது, கரைப் பழக்கம். சுண்டெலி தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் கொறித்தது. ஓடு என்று இவர் கத்தினார். ஓடு என்றால் அதுக்கு என்ன தெரியும், அந்த ஓட்டமே அதன் உடம்பில் இல்லை. பூனைகூட ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்தது, இவ்வளவு லேசா என்று. பிறகு கழுத்தைக் கவ்வியது. கவ்வின பிறகும் சுண்டெலியின் கை அந்த விதையை விடவில்லை, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, தூங்கப் போனாலும் நிற்கிறது. பூனை திரும்பி நடந்தபோது பார்த்தார், வாலில் ஒரு கோணல், வலது முன்காலில் மட்டும் வெள்ளை.  மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போன பூனை அது. ஜில்லு.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். மனைவி தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கதான சொன்னிய" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டது தப்பாகப் போயிற்று. "சொன்னியளா இல்லியா? தெனமும் மீன்சட்டிய உருட்டுதுன்னு நான் அழுதேன். பூனைப் பாவம் பொல்லாதது, நம்ம கையால வேண்டாம், எங்கயாவது தண்ணி தாண்டி விட்டுரச் சொல்லுன்னு பேப்பர விட்டுத் தலைய எடுக்காமச் சொன்னிய. சாக்குல கட்டித் தொம்மை அண்ணன்கிட்டக் குடுத்தேன். அவரு தண்ணி தாண்டி எங்க கொண்டு விடுவாரு, சிலோனுக்கா?" இவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். சொன்னது இவர்தான். சொன்னது நினைவில்கூட இல்லை என்பதுதான் இன்னும் கேவலம். தண்ணி தாண்டி. ஊரில் எல்லாரும் சொல்லுகிற சொல், காப்பி குடி, கதவைச் சாத்து என்பது மாதிரி வாயில் வருகிற சொல். ஆற்றங்கரை ஊர்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவார்கள், கடற்கரை ஊரில் கடலுக்கு அந்தப் பக்கம். பூனை தண்ணி தாண்டித் திரும்பி வராது, கொன்ற பாவமும் தாண்டி வராது, சோறு போட மாட்டோம், அடிக்கவும் மாட்டோம், கண்காணாத இடத்தில் பிழைத்துப் போ. எவ்வளவு நல்ல மனசு எல்லாருக்கும். தண்ணீர்தான் எல்லை, தண்ணீர்தான் வேலி, அந்த வேலியால்தான் அந்த உயிர்கள் அப்படி ஆயின என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த வாய். ஊருக்குத்தான் உபதேசம். வேலியைத் தாண்டிப் பூனையைத் தூக்கிப் போடச் சொன்னதும் அதே வாய்.

தொம்மையைத் திட்டவும் முடியவில்லை. இவரை இத்தனை வருஷமாகத் தீவில் இறக்கி ஏற்றுகிறவர், அலை புரட்டுகிற நாளில் தோளைப் பிடித்து இறக்கிவிடுகிறவர், அநாவசியமாக ஒரு சொல் பேசினதில்லை. கேட்டதுக்கு, "முன்னல்லாம் கிட்டத்துத் திட்டுல விடுவோம் சார், அது தண்ணிக்குள்ள போயிட்டுல்லா, இப்ப இதான் மிச்சம்" என்றார், ஏதோ பஸ் நிறுத்தம் மாறிவிட்டது என்கிற மாதிரி. இன்றைக்குக் காலையில் பெருச்சாளிக் கூண்டை வள்ளத்தில் வைத்தபோது அவர் முகம் சரியில்லை. மணலில் இறங்கின பிறகுதான் கேட்டார்.

"புடிச்சு என்ன செய்யப் போறிய?"

"கரைக்குக் கொண்டு போயிரலாம் தொம்மை."

"வள்ளத்துல ஏத்த மாட்டேன்."

"கூண்டோடதான் வரும். உம்ம ஒண்ணும் செய்யாது."

"அதுக்குச் சொல்லல சார். தண்ணி தாண்டி விட்டதத் திருப்பி ஏத்துனா விட்டவன் பாவமும் சேந்து ஏறும். எங்க அப்பன் ஏத்துனதில்ல, நானும் ஏத்த மாட்டேன். நீங்க என்னமும் பண்ணிக்கோங்க, நான் பாக்கல. நான் வரும்போது நீங்க மட்டும் நிக்கணும்." சொல்லிவிட்டுக் காற்றை மோந்து பார்த்தார். "கச்சான் காத்து எடுத்துட்டு. இனி ஆவணி கழியாம இந்தப் பக்கம் எவனும் வள்ளம் எடுக்க மாட்டான்."

வேறு வள்ளக்காரர்களைக் கேட்டாலும் பிரயோசனமில்லை, பூனை என்றதும் எல்லார் வாயிலும் இதே பேச்சுத்தான். ஆக, இன்றைக்கு விட்டால் ஆவணி. ஆவணி கழித்து வந்தால் இங்கே என்ன இருக்கும் என்று இவருக்குத் தெரியும். காலையில் வந்ததும் வைத்த பொறிகளைப் பார்த்தார், பாதிக்குமேல் காலி, தேங்காய்ச் சில்லு வைத்தபடி இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. முன்பெல்லாம் பொறியைக் கீழே வைத்துக் கையை எடுப்பதற்குள் வந்து உள்ளே உட்காரும், சனியனே கொஞ்சம் பொறு என்று கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும். மணலில் வால்கள் கிடந்தன. வாலை மட்டும் விட்டுவிடுகிறது, மகாராணி. தண்ணீர் இல்லாத தீவு, தாகத்தில் அதுவே செத்துவிடும் என்று சித்திரை முழுக்க நம்பிக்கொண்டிருந்தார், தன் கையில் ஒட்டாமல் காரியம் முடிந்துவிடும் என்று. எலியின் இரத்தம் இருக்கும்போது தண்ணீர் எதுக்கு, விலங்கியல் வாத்தியாருக்கு அது தெரியாதா, தெரியும், தெரிந்தும் நம்பினார். இதுவும் தண்ணி தாண்டி விடுகிற புத்திதான்.

விட்டுவிட்டுப் போய்விட்டால்தான் என்ன. கூண்டைத் திறந்துவிட்டுப் போய் வள்ளத்தில் ஏறிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள். சுண்டெலி குறைந்துவிட்டது என்று எந்தச் சந்தியில் நின்று யார் ஒப்பாரி வைப்பார்கள். வீட்டில் எலி வந்தால் மருந்து வைக்கிற ஊர். இவரே ஆரம்பத்தில் எத்தனையைக் குளோரோஃபார்ம் சீசாவில் போட்டிருக்கிறார். சீசாவுக்குள்ளும் முகம் கழுவின, கழுவிக்கொண்டே சாய்ந்தன, தோலை உரித்துப் பஞ்சடைத்துக் கல்லூரி அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார், பொட்டுக் கண் வைத்து. அதுக்குப் பேர் ஆராய்ச்சி. பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எலிப் பாவம் என்று ஒரு பாவமே கிடையாது, பிள்ளையாரே ஏறி உட்கார்ந்திருக்கிறார். பூனைக்குத்தான் பாவம், நாய்க்கு அரைப் பாவம், யார் பிரித்தார்கள் இந்தப் பாகத்தை. அலுப்பாக இருந்தது. உடம்பு அலுப்பு இல்லை, உள்ளே எதுவோ கழன்று கிடந்து ஆடுகிற அலுப்பு. இந்த எலிகளுக்கு இவரை விட்டால் நாதி இல்லை. அதுகளைக் கண்டு இரங்கினவர் இவர் ஒருத்தர்தான், அதுகளை ஒழித்ததும் இவர் ஒருத்தர்தான், இந்த இரண்டுக்கும் நடுவில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருப்பதும் இவர் ஒருத்தர்தான். எழுந்திரு பூவலிங்கம் என்று சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, பூனை காதைத் திருப்பியது.

எழுந்தார். கூண்டைத் தூக்கித் தண்ணீர் ஓரத்துக்குப் போக வேண்டும், அங்கே சாக்குக்கு மாற்ற வேண்டும், அதுக்குப் பிறகு யோசிக்கவே கூடாது. தூக்கினதும் கூண்டு சாய்ந்தது, பூனை சறுக்கி மல்லாந்தது, மல்லாந்தபடியே சும்மா கிடந்தது. வயிறு தெரிந்தது. காம்புகள் ரத்தச் சிவப்பாகப் புடைத்திருந்தன, சுற்றியுள்ள மயிர் ஈரத்தில் படிந்து கிடந்தது. பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். கூண்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. சாக்கில் கட்டிக் கொடுத்தபோதே வயிற்றில் இருந்திருக்கிறது, தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாள், பிள்ளைத்தாச்சி என்று ஒரு மாசம் பாலை ஊற்றிவிட்டுப் பிறகு மொத்தமாகக் கொடுத்திருப்பாள். இந்தத் தீவில் எங்கேயோ குட்டிகள் கிடக்கின்றன. ஒரு பூனை என்றால் ஒரு பூனை, என்றைக்காவது கிழடாகிச் சாகும். குட்டிகளில் ஆணும் இருக்கும் பெண்ணும் இருக்கும். தாயைக் கொன்றுவிட்டுக் குட்டிகளை விட்டால் ரெண்டு விதமாகவும் நடக்கலாம். சின்னதாக இருந்தால் பசியில் கத்திக் கத்திச் சாகும், அந்தச் சத்தம் கரை வரைக்கும் வந்து காதில் விழும், விழாது, ஆனால் விழும். கொஞ்சம் வளர்ந்திருந்தால், தின்னப் பழகியிருந்தால், வேட்டையாடத் தெரியாத குட்டியும் இங்கே பிழைத்துக்கொள்ளும். கைக்கெட்டின தூரத்தில் ஓடாத சாப்பாடு.

தேடினார். தாழம்புதரில் கையை விட்டதும் முள் கிழித்தது, எருக்கம்பால் பட்டு எரிந்தது, குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் எங்கே பார்த்தோம் என்பது மறந்துவிட்டது. இவ்வளவு சின்னத் தீவு இவ்வளவு பெரிசா. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மேற்கே தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது, அலை நுனியில் வெள்ளை. இனித் தொம்மை வந்துவிடுவார். மறுபடி கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு வழிதான் இருந்தது, அது தேட ஆரம்பிக்கும் முன்பே தெரிந்த வழி, தெரிந்ததால்தான் தேடினார். குட்டி எங்கே என்று இதுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் நேரே அங்கேதான் போகும். ஆனால் ஒரு தடவை கூண்டில் மாட்டின பூனை மறுபடி மனுஷன் கைக்குச் சிக்காது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாய்ந்து புதருக்குள் போய்விட்டால் தாயும் போச்சு, குட்டியும் போச்சு, ஆவணி வரைக்கும் இந்தத் தீவு அதுக்குப் பந்தியாகிவிடும். பயமாக இருந்தது.  திறக்காதே, இருக்கிற ஒன்றையாவது முடி என்றது ஒரு மனசு. அந்த மனசுதான் சித்திரை முழுக்கத் தாகத்தை நம்பின மனசு, அதன் யோக்கியதை தெரிந்ததுதான். தகரக் கதவைத் தூக்கினார்.

பூனை வெளியே வந்தது. முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. ஓடவில்லை. அவர் காலைச் சுற்றி வந்து முதுகை உரசியது, ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம், காலையில் பேப்பர் படிக்கும்போது நாற்காலிக்கடியில் உரசுமே அப்படி. அப்போதெல்லாம் சீ போ என்று காலால் நகர்த்துவார். இப்போது நகர்த்தவில்லை. பிறகு கோணல் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். முழங்கால் இழுத்தது, நின்றார், அதுவும் நின்றது, கத்தியது, வந்துசேர் என்கிற மாதிரி. ஓடு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இதுக்கு ஓடத் தெரியும், தலைமுறை தலைமுறையாக ஓடிப் பிழைத்த சாதி, இருந்தாலும் இவரைப் பார்த்து ஓட வேண்டும் என்று இதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேற்கு முனையில், விழுந்து காய்ந்த தாழையின் வேருக்கடியில் கிடந்தன. மூன்று. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், தெளியாத நீலக் கண். சருகும் முள்ளுமாக மோசமான இடம், ஒன்றின் முதுகில் முள் கீறிக் காய்ந்திருந்தது. சுற்றிலும் எலி வால்கள். கையை நீட்டினால் சீறும் என்று நினைத்தார், மனுஷனைப் பார்த்திராத குட்டி சீறத்தான் செய்யும். சீறவில்லை. ஒன்று தட்டுத் தடுமாறி வந்து விரலை மோந்து பார்த்துவிட்டுச் சப்பியது. தூரத்தில் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்டது. நாலையும் முடித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கை மறுபடி தன் கையாகிவிட்டது, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மணலில் முட்டி போட்டுச் சாக்கை விரித்து வைத்தார். வீட்டு அரிசிச் சாக்கு, தங்கபுஷ்பத்தின் அடுப்படி வாசம் இன்னும் போகவில்லை.

பூனை வந்து சாக்கை மோந்து பார்த்தது. தலையை உள்ளே விட்டது. முழுசாக உள்ளே போயிற்று, சாக்கு இங்கேயும் அங்கேயும் புடைத்தது, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துப் பார்க்கிறது. வெளியே வந்தது. அவரைப் பார்க்கக்கூட இல்லை, அதுக்கு வேலை இருந்தது. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிச் சாக்குக்குள் கொண்டு வைத்தது. திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கியது. முள் இல்லாத இருட்டான மெத்தென்ற இடம், இத்தனை நாளாகத் தேடியிருக்கும், கிடைத்துவிட்டது.

"சார், காத்து ஏறுது, வாங்க" என்று தொம்மையின் குரல் கேட்டது.

"இந்தா வாரேன்" என்றார்.

பூனை மூன்றாவது குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. காற்றில் சாக்கின் வாய் தொய்ந்து மூடிக்கொள்ள, வழி தெரியாமல் நின்றது. பூவலிங்கம் இரண்டு கையாலும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.